அதிவேக ரேடியோ வெடிப்புகளின் தாய் மண்டலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களின் பள்ளிகளில் மாலை வேளைகளில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டும்போது மாணவர்களும் ஆசிரியர்களும், சில சமயம் பிள்ளையை அழைத்துப் போக வந்து அங்கேயே நின்றுவிடும் பெற்றோரும் கேட்கிற கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஒரு வெடிப்பு எந்த விண்மீன் மண்டலத்திலிருந்து புறப்பட்டது, அதாவது அதன் தாய் மண்டலம் எது என்பதை எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள் என்பதே இவற்றின் மையப்பொருள்.

அதிவேக ரேடியோ வெடிப்பு என்றால் என்ன?

வானத்தின் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து வந்து, சில மில்லி வினாடிகளே நீடித்து மறையும் மிக வலிமையான ரேடியோ அலைத் துடிப்பு இது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு எஃப்ஆர்பி என்று சுருக்கி வழங்குவர். ஆஸ்திரேலியாவின் 64 மீட்டர் பார்க்ஸ் தொலைநோக்கி 2001இல் பதிவு செய்து வைத்திருந்த தரவுகளை 2007இல் மறுபடி அலசியபோது, டங்கன் லோரிமரும் அவருடைய மாணவர் டேவிட் நார்க்கெவிக்கும் முதல் வெடிப்பைக் கண்டனர். சில வெடிப்புகளில் சூரியன் சில நாட்களில் வெளியிடும் ஆற்றல் ஒரு மில்லி வினாடிக்குள் வெளிப்பட்டுவிடுகிறது. முழு வானத்தையும் கணக்கில் எடுத்தால் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் இவை நிகழ்கின்றன.

நம் ஊர்த் தொலைநோக்கியில் தெரியுமா?

தெரியாது. இவை ரேடியோ அலைகள். கண்ணாடி வில்லையால் பிடிக்க முடியாதவை.

இவை வெகு தொலைவிலிருந்து வருகின்றன என்று முதலில் எப்படிச் சொன்னார்கள்?

விண்வெளி முழு வெறுமை அன்று; அதில் கட்டற்ற எலக்ட்ரான்கள் மிக அருகலாகப் பரவிக் கிடக்கின்றன. ரேடியோ அலை அவற்றினூடே செல்லும்போது உயர் அதிர்வெண் பகுதி முந்தியும் தாழ் அதிர்வெண் பகுதி பிந்தியும் வந்து சேர்கிறது. இத்தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். வழியில் அலை எத்தனை எலக்ட்ரான்களைக் கடந்தது என்பதைக் காட்டும் எண்ணை டிஸ்பர்ஷன் மெஷர் என்பர். இங்கே சுருக்கமாக டிஎம் என்போம்.

கணக்கு எளிது. 4.15 மில்லி வினாடியை டிஎம்மால் பெருக்கி, கிகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் தாமதம் கிடைத்துவிடும். டிஎம் 500 என்றால் 800 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3.2 வினாடியும், 400 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 13 வினாடியும் வரும். ஆகவே, புறப்படும்போது ஒரே கணத்தில் கிளம்பிய துடிப்பின் இரு பகுதிகள் பூமிக்கு வரும்போது பத்து வினாடி இடைவெளியில் வருகின்றன. லோரிமரின் வெடிப்புக்கு டிஎம் 375 இருந்தது. அந்தத் திசையில் நம் பால்வீதி மண்டலம் முழுவதையும் சேர்த்தாலும் 25 அளவே தேறும். எஞ்சிய எலக்ட்ரான்கள் பால்வீதிக்கு வெளியே இருந்தாக வேண்டும் என்பதே அன்றைய வாதம்.

மைக்ரோவேவ் அடுப்பால் ஏமாந்தார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. பார்க்ஸ் நிலையத்தில் இவற்றைப் போலவே தோன்றிய பெரிட்டான் என்னும் வேறு வகைச் சமிக்ஞைகள் பதிவாகிவந்தன. நிலையத்தின் மைக்ரோவேவ் அடுப்பை, வேலை முடியும் முன்பே கதவைத் திறந்து நிறுத்தினால் அவை உண்டாகின்றன என்று 2015இல் எமிலி பெட்ராஃபும் அவருடைய குழுவினரும் காட்டினர். பெரிட்டான்கள் தொலைநோக்கியின் பதின்மூன்று கற்றைகளிலும், அதாவது அது ஒரே நேரத்தில் பார்க்கும் பதின்மூன்று சிறு வான்வட்டங்களிலும், ஒருசேரத் தெரிந்தன. மெய்யான வெடிப்புகளோ வானின் ஒரு சிறு பகுதியில் மட்டுமே தெரிந்தன. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு எல்லா வெடிப்புகளும் அடுப்பிலிருந்து வந்தவை என்று நம்பியிருப்போரை இன்றும் சந்திக்க நேர்கிறது.

டிஎம்மே தொலைவைச் சொல்லும் என்றால் தாய் மண்டலத்தை ஏன் தேட வேண்டும்?

இப்பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இது. டிஎம் என்பது ஒரு கூட்டுத்தொகை. பால்வீதியின் பங்கு, மண்டலங்களுக்கு இடையிலான வெளியின் பங்கு, வெடிப்பு பிறந்த மண்டலத்தின் பங்கு, வெடித்த பொருளைச் சூழ்ந்த வாயுவின் பங்கு ஆகிய அனைத்தும் அதில் கலந்துள்ளன. தொகையை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பிரித்தறிய வழியில்லை.

சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி கண்ட எஃப்ஆர்பி 20190520பி இதற்குத் தக்க சான்று. அதன் டிஎம் ஏறத்தாழ 1200. அதை மட்டும் நம்பியிருந்தால் அதன் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டும் எண்; தொலைவு கூடக் கூட இதுவும் கூடும்) 1 அளவில் இருக்கும் என்று கணித்திருப்பர். தாய் மண்டலத்தைக் கண்டுபிடித்து அதன் நிறமாலையை அளந்தபோது செம்பெயர்ச்சி 0.241 மட்டுமே என்று தெரிந்தது. அந்த எலக்ட்ரான்களில் பெரும்பகுதி வழியில் இருந்தவை அல்ல, வெடிப்பு பிறந்த இடத்திலேயே அடர்ந்து கிடந்தவை என்பது அதன்பின்தான் புலப்பட்டது.

தாய் மண்டலம் தெரிந்தால் நிறமாலையிலிருந்து தொலைவு தனியாகக் கிடைக்கிறது. தொலைவு கிடைத்தால் வெடிப்பின் உண்மையான ஆற்றலைக் கணக்கிடலாம். சுற்றியுள்ள விண்மீன்கள் இளையவையா, முதியவையா என்று பார்த்து, வெடித்தது எவ்வகைப் பொருள் என்று ஊகிக்கலாம்.

அப்படியானால் முதல் தாய் மண்டலத்தைக் கண்டுபிடிக்கப் பத்தாண்டுகள் ஏன் பிடித்தன?

தொலைநோக்கியின் கூர்மை, அலைநீளத்தை அதன் விட்டத்தால் வகுத்தால் வரும் கோணத்தைப் பொறுத்தது. பார்க்ஸ் பயன்படுத்திய 21 சென்டிமீட்டர் அலைநீளத்துக்கு, 64 மீட்டர் தட்டின் கற்றை முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கும். அந்தச் சிறு வட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான மண்டலங்கள் உள்ளன. கும்பகோணம் தாலுகா என்று மட்டும் மேல்விலாசம் எழுதிய தபாலைக் கையில் வைத்திருக்கும் தபால்காரரின் நிலையே ஆராய்ச்சியாளர்களுடையது. துடிப்போ மில்லி வினாடிகளில் முடிந்துவிடுகிறது. அடையாளம் காண்பதற்குள் திரும்பிப் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இருப்பிடத்தைத் துல்லியமாக்குவது எப்படி?

ஒரே தட்டைப் பெரிதாக்குவதற்கு மாறாக, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பல ஆண்டெனாக்களில் அதே அலை வந்து சேரும் நேர வேறுபாட்டை அளக்கிறார்கள். இங்கே முக்கியமானது ஆண்டெனாவின் அளவு அன்று. அவற்றுக்கு இடையிலுள்ள தூரம்.

நம் பகுதியையே எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். கல்லணையில் ஓர் ஆண்டெனாவும் பூம்புகாரில் மற்றொன்றும் வைத்ததாகக் கொள்வோம். இடையிலுள்ள நேர்த்தூரம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையில் ஒளி செல்ல 0.4 மில்லி வினாடி ஆகும். உச்சி வானிலிருந்து வரும் அலை இரண்டையும் ஒரே கணத்தில் தொடும். அது கிழக்கே சிறிது சாய்ந்த திசையிலிருந்து வந்தால் பூம்புகாருக்கு முதலில் வரும். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர். அதை 120 கிலோமீட்டரால் வகுத்தால் கிடைக்கும் கோணம் ஒரு ஆர்க் செகண்டுக்கும் சற்றுக் குறைவு, அதாவது நிலவின் விட்டத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பெரும்பாலான மண்டலங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இதுவே போதும். ஆனால் இரு இடங்களின் கடிகாரங்கள் ஒரே ஒரு நானோ வினாடி பிசகினாலும் அரை ஆர்க் செகண்ட் பிழை வந்துவிடும். ஒரு நானோ வினாடியில் ஒளி 30 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஆகவே ஆண்டெனா நிறுவுவதைவிடக் கடிகாரங்களை ஒத்திசைப்பதிலும், ஏற்கெனவே இருப்பிடம் அறிந்த குவாசர்களை (மிகத் தொலைவிலுள்ள பிரகாசமான மண்டல மையங்களை) கொண்டு சரிபார்ப்பதிலும் அதிக உழைப்பு செலவாகிறது.

இன்னொரு சிக்கல் உண்டு. எல்லா ஆண்டெனாக்களின் மூலத் தரவையும் காலம் முழுவதும் சேமித்து வைக்க முடியாது. எனவே கடைசிச் சில வினாடிகளின் தரவை மட்டும் தற்காலிக நினைவகத்தில் சுழற்சியாக வைத்துக்கொண்டு, கணினி ஒரு வெடிப்பை அடையாளம் கண்டவுடன் அதை அழியாமல் நிறுத்திவைக்கிறார்கள். தாழ் அதிர்வெண் பகுதி தாமதமாக வருவது இந்த இடத்தில் கைகொடுக்கிறது: முந்தி வரும் பகுதியைக் கண்டு தரவை நிறுத்திவைக்கச் சில வினாடி அவகாசம் கிடைக்கிறது.

முதன்முதலில் விலாசம் கிடைத்தது எந்த வெடிப்புக்கு?

2012 நவம்பர் 2 அன்று போர்ட்டோ ரீக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி பதிவு செய்த எஃப்ஆர்பி 121102க்கு. (பெயரிலுள்ள எண் அந்தத் தேதிதான்.) இது மீண்டும் மீண்டும் வெடிக்கிறது என்று 2016இல் அறிவிக்கப்பட்டது. திரும்ப வரும் என்று தெரிந்ததும், நியூ மெக்ஸிகோவின் 27 தட்டுகள் கொண்ட விஎல்ஏ தொலைநோக்கி வரிசையை அத்திசையில் நிறுத்திக் காத்திருந்தார்கள். 2016இல் 83 மணி நேரக் கவனிப்பில் ஒன்பது வெடிப்புகள் அகப்பட்டன. ஷாமி சட்டர்ஜி தலைமையிலான குழு 2017 ஜனவரியில் இருப்பிடத்தையும், ஸ்ரீஹர்ஷ் தெண்டுல்கர் தலைமையிலான குழு அங்கிருந்த மண்டலத்தின் செம்பெயர்ச்சி 0.193 என்பதையும் வெளியிட்டன.

எதிர்பாராதது என்னவென்றால், அது ஒரு மங்கலான குறு மண்டலம். பெரிய மண்டலம் ஒன்றையே பலரும் எதிர்பார்த்திருந்தனர். வெடிப்பு வரும் அதே இடத்தில் ஓயாமல் ரேடியோ அலை வீசும் ஒரு பொருளும் இருந்தது.

ஒரே ஒரு முறை வெடித்து ஓய்வதை எப்படிப் பிடிப்பது?

காத்திருக்க முடியாது, வெடிக்கும் அதே கணத்தில் அளந்துவிட வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் 36 தட்டுகள் கொண்ட அஸ்காப் வரிசை 2018 செப்டம்பர் 24 அன்று இதைச் செய்தது. முடிவு 2019இல் கீத் பேனிஸ்டர் தலைமையில் வெளிவந்தது. செம்பெயர்ச்சி 0.32 கொண்ட பெரிய மண்டலம் ஒன்றில், மையத்திலிருந்து ஏறத்தாழ 13,000 ஒளியாண்டு தள்ளி அந்த வெடிப்பு நிகழ்ந்திருந்தது. 121102இன் குறு மண்டலத்துக்கும் இதற்கும் ஒற்றுமையே இல்லை.

தவறான மண்டலத்தைச் சுட்டிவிட வாய்ப்பில்லையா?

உண்டு, நடந்தும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 18 அன்று பார்க்ஸில் பதிவான ஒரு வெடிப்புக்குப் பின், அதே வட்டத்துக்குள் சில நாட்களில் மங்கிய ஒரு ரேடியோ மூலத்தைக் கண்டு, அதுவே வெடிப்பின் மிச்ச ஒளி என்று கொண்டு, அது இருந்த மண்டலத்தைத் தாய் மண்டலம் என 2016இல் ஒரு குழு அறிவித்தது. சில வாரங்களுக்குள் பீட்டர் வில்லியம்ஸும் எடோ பெர்கரும் அந்த மூலம் மறுபடி பிரகாசமடைந்ததைக் காட்டினர். மண்டலத்தின் மையக் கருந்துளையால் ஏறி இறங்கும் சாதாரண ரேடியோ ஒளியே அது என்று கருத வலுவான காரணம் கிடைத்தது. தவறான விலாசம் விலாசமே இல்லாததைவிடக் கெடுதல். அதன்மேல் தொலைவு, ஆற்றல் எல்லாம் அடுக்கப்படுகின்றன.

இப்போது தனித்தனியாக நிகழ்தகவு கணக்கிடப்படுகிறது. வெடிப்பின் பிழை வட்டம் எவ்வளவு பெரிது, அதனுள் உள்ள மண்டலம் எவ்வளவு பிரகாசமானது, அத்தகைய மண்டலம் தற்செயலாக அங்கே அமைய எவ்வளவு வாய்ப்பு, கண்ணுக்குப் படாத மங்கலான மண்டலம் ஒன்று பின்னால் ஒளிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு ஆகிய அனைத்தும் அதில் சேரும். பிரகாசமான மண்டலங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே அவை தற்செயலாக வந்து பொருந்தும் வாய்ப்பும் குறைவு.

எவ்வகை மண்டலங்களில் இவை பிறக்கின்றன?

கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவை புதிய விண்மீன்கள் உருவாகிவரும் மண்டலங்களே. பெரு விண்மீன் வெடித்து எஞ்சும் நியூட்ரான் விண்மீன்களில் காந்தப்புலம் மிக வலுவானவற்றை மாக்னட்டார் என்பர். அவையே மூலம் என்னும் கருத்துக்கு இது ஒத்துவருகிறது. 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வீதியிலேயே உள்ள எஸ்ஜிஆர் 1935+2154 என்னும் மாக்னட்டாரிலிருந்து, தொலைதூர வெடிப்புகளைவிட வலுக் குறைந்ததாயினும் அதே தன்மையுடைய துடிப்பைக் கனடாவின் சைம் தொலைநோக்கியும் அமெரிக்காவின் ஸ்டேர்2 கருவியும் பதிவு செய்தபோது அக்கருத்து மேலும் வலுப்பெற்றது.

எனினும் விலாசங்கள் துல்லியமாகத் துல்லியமாகச் சிக்கலும் கூடிவருகிறது. 16.35 நாள் சுழற்சியில் வெடிக்கும் எஃப்ஆர்பி 180916, ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு சுருள் மண்டலத்தில் இருக்கிறது. ஹப்பிள் தொலைநோக்கியால் உற்றுப் பார்த்தபோது, அது விண்மீன் பிறக்கும் திட்டுக்குள் அன்றி, அதிலிருந்து ஏறத்தாழ 800 ஒளியாண்டு விலகி இருந்தது. இளம் மாக்னட்டார் அவ்வளவு தூரம் நகர்ந்து வர அதன் ஆயுள் போதாது. எஃப்ஆர்பி 20200120இ இன்னும் விசித்திரம்: ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்81 மண்டலத்தின் ஒரு கோளக விண்மீன் கொத்தில், அதாவது பந்து போல நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டத்தில், அது இருக்கிறது. அந்தக் கொத்துகளில் உள்ளவை எல்லாம் மிக முதிய விண்மீன்கள். வெடிக்க வேண்டிய பெரு விண்மீன்கள் என்றோ வெடித்து முடிந்துவிட்டன. அங்கே மாக்னட்டார் இருக்க வேண்டுமானால், இரு வெண்குறு விண்மீன்கள் (சூரியன் போன்றவை எரிந்து முடிந்தபின் எஞ்சும் அடர்ந்த கருக்கள்) இணைந்தோ, ஒன்று பிறிதொன்றின் பொருளை ஈர்த்துச் சரிந்தோ அது உருவாகியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் கண்ட மற்றொன்று, புதிய விண்மீன்கள் பிறப்பது எப்போதோ நின்றுபோன முதிய மண்டலத்தின் மையத்திலிருந்து 1,30,000 ஒளியாண்டு தள்ளி, ஏறத்தாழ வெளி விளிம்பில் இருந்தது. எல்லா வெடிப்புகளுக்கும் ஒரே பிறப்புவழி என்று சொல்வதற்கு இவை இடம் தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை கிடைத்தவற்றில் மிகத் துல்லியமான விலாசம் எது?

ஒரே முறை வெடித்ததாகத் தோன்றுபவற்றில், 2025 மார்ச் 16 அன்று சைம் பிடித்தது. சைம் என்பது நான்கு அரைக்குழாய் வடிவத் தகடுகள். ஒவ்வொன்றும் 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். அதில் நகரும் பாகம் எதுவுமில்லை. பூமி சுழலச் சுழல வானம் அதன்மேல் கடந்து செல்கிறது. ஏராளமான வெடிப்புகளை அது கண்டாலும், தனியாக அதனால் பெரும்பாலும் துல்லியமான விலாசம் சொல்ல முடிந்ததில்லை. இப்போது பிரிட்டிஷ் கொலம்பியா, மேற்கு வர்ஜீனியா, கலிஃபோர்னியா ஆகிய இடங்களில் துணை நிலையங்கள் அமைந்துவிட்டன. அவற்றின் உதவியால், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4141 மண்டலத்தில், 45 ஒளியாண்டு அகலத்துக்குள் அந்த வெடிப்பின் இடத்தைக் குறித்தனர்.

காணாமற்போன பொருளை இவை கண்டுபிடித்தன என்கிறார்களே?

அணுக்களால் ஆன சாதாரணப் பொருள் பிரபஞ்சத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அதன் தொடக்ககால ஒளியிலிருந்து தெரியும்: மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம். ஆனால் அண்மைப் பிரபஞ்சத்தில் விண்மீன்களையும் வாயுவையும் கூட்டிப் பார்த்தால் அதில் பெரும்பகுதி கணக்கில் வரவில்லை. மண்டலங்களுக்கு இடையில் மிக மெலிதாகப் பரவியிருக்கும் வாயு ஒளிர்வதில்லை, எளிதில் மறைப்பதும் இல்லை. ரேடியோ வெடிப்போ அதிலுள்ள ஒவ்வோர் எலக்ட்ரானையும் கணக்கிட்டுக்கொண்டு வருகிறது.

தாய் மண்டலத்தின் செம்பெயர்ச்சியையும் டிஎம்மையும் எதிரெதிரே குறித்தால், தொலைவு கூடக் கூட டிஎம் எப்படிக் கூடுகிறது என்பது தெரியும். பத்துக்கும் குறைவான வெடிப்புகளை வைத்து ஜான்-பியர் மக்கார்ட் 2020இல் இதைச் செய்து, காணாமற்போன பொருள் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று காட்டினார். அதே ஆண்டில் அவர் காலமானார். அந்தத் தொடர்புக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. கலிஃபோர்னியாவின் டிஎஸ்ஏ-110 வரிசை கண்டவற்றையும் சேர்த்து 2025இல் வெளியான ஆய்வு, சாதாரணப் பொருளில் ஏறத்தாழ 76 சதவீதம் மண்டலங்களுக்கு இடையே உள்ளது என்கிறது. இத்தனைக்கும் அந்த ஆய்வுகளுக்குத் தேவைப்பட்டது வெடிப்பின் காரணம் அன்று, சரியான விலாசம் மட்டுமே.

தமிழ்நாட்டில் இதற்குத் தொடர்புடைய தொலைநோக்கி உண்டா?

ரேடியோ மூலங்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக்குவதற்கென்றே கட்டப்பட்ட ஒன்று ஊட்டியில் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் முயற்சியால் 1970இல் செயல்படத் தொடங்கிய அது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்தின் அட்சரேகையான ஏறத்தாழ 11 பாகைக்குச் சமமான மலைச்சரிவில் வடக்கு தெற்காக அமைந்திருப்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது; எனவே ஒரே திசையில் திருப்பினால் ஒரு மூலத்தைப் பல மணி நேரம் தொடரலாம். (டெல்டாவும் அதே 11 பாகையை ஒட்டியே இருக்கிறது, இல்லாதது சரிவுதான்.) நிலவு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தை அளந்து, நிலவின் விளிம்பு அப்போது எங்கே இருந்தது என்பதிலிருந்து மூலத்தின் இடத்தைச் சொல்வது அதன் முதல் பணி. மில்லி வினாடியில் மறையும் வெடிப்புக்கு நிலவு வரும்வரை காத்திருக்க வழியில்லை என்பதால் அந்த முறை இங்கே பயன்படாது.

புணே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைக் கொண்டது. மீண்டும் வெடிப்பவற்றைத் தாழ் அதிர்வெண்களில் கவனிப்பதில் அதற்கு முக்கிய இடமுண்டு. 180916இன் துடிப்புகளும் அதில் பதிவாகியுள்ளன.

வெடிப்பு தெரியாவிட்டாலும், அதன் தாய் மண்டலத்தையாவது இங்கிருந்து பார்க்கலாமா?

எம்81ஐப் பார்க்கலாம். பங்குனி மாதம் இரவு 9 மணியளவில் வடக்கு நோக்கி நின்றால் சப்தரிஷி மண்டலம் எழுந்து நிற்கும். அதன் பெட்டிப் பகுதியில் புலஸ்தியரிலிருந்து (ஃபெக்டா) கிரதுவுக்கு (டூபே) மூலைவிட்டமாகக் கோடிழுத்து, அதே தூரம் மேலும் நீட்டினால் எம்81 இருக்கும் இடம் வரும். தஞ்சையிலிருந்து பார்க்கும்போது அதன் உச்ச உயரம் அடிவானத்துக்கு மேல் 32 பாகைதான். மலைகள் குறுக்கிடாத சமவெளி நம்முடையது என்பதால் அது தடையில்லை. தாளடி அறுவடை முடிந்த வயலோரம், ஊர் விளக்குகளைத் தெற்கே விட்டு நிற்க வேண்டும். நல்ல இருட்டில் பைனாகுலரிலேயே மங்கலான நீள்வட்டப் புகையாகத் தெரியும். கோளகக் கொத்து தெரியாது.

என்ஜிசி 4141 வானில் அதே சப்தரிஷி விண்மீன்களின் திசையில், அத்ரிக்கு (மெக்ரெஸ்) இரண்டு பாகை தூரத்துக்குள் இருக்கிறது. ஆனால் அது பள்ளித் தொலைநோக்கிகளுக்கு எட்டாத அளவுக்கு மங்கலானது.

வேற்றுக்கிரகவாசிகள் அனுப்பும் சமிக்ஞையாக இருக்கக் கூடாதா?

வானின் எல்லாத் திசைகளிலிருந்தும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மண்டலங்களிலிருந்தும், இவ்வளவு ஆற்றலுடன் வருவதற்கு அப்படியொரு விளக்கம் தேவையில்லை. பால்வீதியின் மாக்னட்டாரே இத்தகைய துடிப்பை உண்டாக்குவதைப் பார்த்துவிட்டோம்.

மேல்நிலைப் பள்ளி மாணவர் இதில் என்ன செய்ய முடியும்?

சைம் குழு 2021இல் வெளியிட்ட முதல் பட்டியலில் 500க்கும் மேற்பட்ட வெடிப்புகள் உள்ளன. அது எவரும் இறக்கிக்கொள்ளக் கூடியது. அதிலுள்ள டிஎம் எண்களை மேலே சொன்ன சூத்திரத்தில் இட்டு, 800க்கும் 400 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையிலான தாமதத்தை ஒரு விரிதாளில் கணக்கிடலாம். பிறகு அவற்றில் எத்தனைக்குத் தாய் மண்டலம் உறுதியாகியிருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். மிகச் சிலவற்றுக்கே உறுதியாகியிருப்பதைக் காண்பார்கள். துணை நிலையங்கள் வருவதற்கு முன் பதிவானவை அவை.